சுவர் விளைந்த கழனி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரை மாதம், சேக்காட்டில் தசரதன் ஏரிக்குக் கீழே இருந்த தன் கழனியில் சொர்ணவாரி என்ற கோடைப் பட்டத்துக்கு நெல் விதைத்தான், சுவர் முளைத்தது. அந்த வாரம் ஆவடிச் சந்தையில் கத்தரிக்காய் விலை ஏறியிருந்தது, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, ரயில்கள் நேரத்துக்கு வரவில்லை. முதலில் பார்த்தபோது தசரதன் அதைக் கறையான் புற்று என்று நினைத்தான். அடுத்து வந்து பார்த்தபோது அது வரிசை பிடித்து, மூலைக்கு மூலை மடங்கி, செங்கல் நிறத்தில் விரல் உயரம் எழும்பியிருந்தது. வாசல் வர வேண்டிய இடங்களில் மட்டும் முளைக்கவில்லை. ஊரார் வந்து வரப்பில் நின்று பார்த்தார்கள். விதை கெட்டுவிட்டது என்றான் ஒருவன், ஏரித் தண்ணீரில் ஏதோ கலந்துவிட்டது என்றான் இன்னொருவன். தசரதனின் படியாள் சின்னப்பையன் அதைக் களை என்று எண்ணி ஒரு மூலையைப் பிடித்து இழுத்தான். சுவர் வேரோடு வந்தது. வேர் நெல்லின் வேரைப் போலவே வெள்ளையாக, சன்னமாக, சேறு ஒட்டிக்கொண்டு இருந்தது. பிடுங்கிய இடத்தில் மறுநாள் இரண்டு சுவர் முளைத்தது. அதற்குப் பிறகு யாரும் பிடுங்கவில்லை.

"இன்னாடா பண்ண?" என்றான் தசரதன்.

"நெல்லுக்குப் பாய்ச்சுற மாதிரி தண்ணி பாய்ச்சினேன் ஆண்டே. வேற ஒண்ணும் பண்ணல."

"பாய்ச்சாத."

"பாய்ச்சாம வுட்டா காஞ்சிபூடுமே?"

தசரதன் குனிந்து சுவரைத் தொட்டுப் பார்த்தான். நிலத்தில் முளைத்த ஒன்றைக் காயவிடுவது அவன் வம்சத்தில் யாரும் செய்யாத காரியம். கேழ்வரகு மணி பிடிக்காமல் சாவியாகப் போகும் என்று தெரிந்தாலும் தண்ணீர் விடுவார்கள். பாய்ச்சு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தைதான் காரணம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆனால் பேசியவர்களில் யாரும் அந்த இடத்தில் வேறு மாதிரி சொல்லியிருக்க மாட்டார்கள். சின்னப்பையன் தினமும் விடிந்ததும் ஏற்றத்தின் மேல் ஏறி, முன்னும் பின்னும் நடந்து, கிணற்றுத் தண்ணீரை இறைத்து விட்டான். தண்ணீர் பட்ட அன்று சுவர் ஒரு செங்கல் உயர்ந்தது.

அதே சித்திரையில்தான் பட்டணம் காலியானது. ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்ற பேச்சு துறைமுகத்துப் பக்கம் கிளம்பி, ஒரே வாரத்தில் தெருத்தெருவாகப் பூட்டுத் தொங்கியது. ஜனங்கள் அம்மிக்கல்லையும் தையல் மிஷினையும் கிளிக்கூண்டையும் தூக்கிக்கொண்டு மேற்கே வந்தார்கள். ரயிலில் இடம் கிடைத்தவர்கள் ரயிலில், மற்றவர்கள் பூந்தமல்லி சாலையில் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும். அம்பத்தூரில் இடமில்லை என்றதும் ஆவடிக்கு, ஆவடியில் இல்லை என்றதும் சேக்காட்டுக்கு. சேக்காட்டில் அப்போது ஊர்ப் பக்கம் முப்பது வீடு, ஏரியின் உபரித் தண்ணீர் வழியும் கலங்கலுக்குக் கீழே சேரியில் கொஞ்சம் குடிசைகள், இரண்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். வந்தவர்கள் முதலில் புளியமரத்தடியில் இறங்கினார்கள். பிறகு மாட்டுக் கொட்டகையில், வைக்கோல் போரின் நிழலில், கோயில் மதிலோரம். அப்புறம் தசரதனின் கழனியைப் பார்த்தார்கள்.

முதலில் இறங்கியவன் கோதண்டம். ராயபுரத்துக்காரன், துறைமுகக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா. மனைவி, மாமியார், நான்கு பிள்ளைகள். சுவர் அப்போது இடுப்பு உயரம்தான் வந்திருந்தது. இரண்டு சுவருக்கு மேலே புடவையை இழுத்துக் கட்டி, உள்ளே அடுப்பு மூட்டிவிட்டான். தசரதன் போய்க் கேட்டான்.

"யாருய்யா நீ? எழுந்திரு. இது கழனி."

கோதண்டம் சுற்றுமுற்றும் பார்த்தான். சுவரின் மேல் கையை வைத்துத் தட்டிப் பார்த்தான். "கழனியா? சரி அண்ணாத்தே. நெல்லு எதுன்னு காட்டு, அதும்மேல மட்டும் குந்தாம இருக்கேன்."

தசரதன் வீட்டுக்குத் திரும்பினான். மறுநாள் கோதண்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குடும்பம், அதற்கு அடுத்த நாள் மூன்று. குடிக்கூலி கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. கேட்டது அவன் மனைவி பூங்காவனம். வயலில் நிற்கும் பயிருக்குக் காசு வாங்குகிறோம், அவ்வளவுதானே என்றாள் அவள். வந்தவர்களும் மறுபேச்சு இல்லாமல் கொடுத்தார்கள்.

ஆடி பிறந்தது. நெல்லாக இருந்தால் கதிர் முற்றித் தலை சாய வேண்டிய நாட்களில் சுவர்கள் தலை சாய்ந்தன. எதிரெதிர்ச் சுவர்களின் உச்சி ஒன்றை நோக்கி ஒன்று வளைந்து நடுவில் தொட்டுக்கொண்டது. தொட்ட இடத்திலிருந்து பழுப்பு நிறத்தில் ஓடுகள் கோத்துக்கொண்டு இறங்கின. காற்றடித்தால் கூரைகள் எல்லாம் ஒரே பக்கமாக லேசாக அசைந்தன. உள்ளே இருந்தவர்கள் முதலில் பயந்து வெளியே ஓடினார்கள், பிறகு பழகிப்போய், அசைவு நின்றால்தான் எழுந்து பார்த்தார்கள்.

சேக்காட்டில் படியாளுக்குக் கூலி என்பது விளைந்ததில் பங்கு. இருபதுக்கு ஒன்று. நெல் விளைந்தால் நெல், கேழ்வரகு விளைந்தால் கேழ்வரகு, வேர்க்கடலை என்றால் வேர்க்கடலை. அறுப்பு நாளில் படியாளின் பங்கை முதலில் தள்ளிவைத்துவிட்டுத்தான் ஆண்டை தன் பங்கைத் தொடுவான். காசாகக் கொடுக்கும் வழக்கமும் இல்லை, கேட்கும் வழக்கமும் இல்லை. ஆகவே அந்த ஆவணியில் அறுப்புக்கு நாள் குறித்திருந்த காலையில், சின்னப்பையன் குளித்துவிட்டுக் கதிர் அரிவாளோடு வந்து வரப்பில் நின்றான். கூடவே அவன் மனைவி அங்கம்மா கூடையோடு வந்தாள்.

"இன்னாத்தடா அறுக்கப் போற?" என்றான் தசரதன்.

"அறுக்க ஒண்ணும் இல்லதான் ஆண்டே. ஆனா அறுப்பு நாளு."

அங்கம்மா அவனைப் பேசவிடவில்லை. "நாலு மாசம் ஏத்தம் எறச்சாரு. அவரு காலைப் பாருங்க, காஞ்ச ஏரி மாதிரி வெடிச்சிகீது. எங்க பங்கு எந்த ஊடுன்னு காட்டிட்டீங்கன்னா நாங்க பாட்டுக்குப் போய்க்கினே இருப்போம்." கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். "அதோ, மேட்டாண்ட கீதே, அது போதும்."

மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் சேரிக் குடிசைகளில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அவள் மேட்டு வீட்டைக் கேட்டதற்கு அதுதான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். கழனியில் விளைந்திருந்தது இருபத்திரண்டு வீடு. கணக்கு தெளிவாக இருந்தது, அதுதான் தொந்தரவு. ஊர்ப் பெரியதனக்காரன் எதிராஜை யாரோ கூட்டிவந்தார்கள். எதிராஜ் வாய்க்காலைக் காட்டினான். சேரிக்காரன் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இதுவரை குடி வந்ததில்லை. இன்றைக்கு வீடு என்பான், நாளைக்குக் கிணற்றில் குடத்தை இறக்குவான் என்றான். கோதண்டமும் மற்ற பட்டணத்தார்களும் அவரவர் வாசலில் நின்று, இது ஊர் விவகாரம் என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தசரதன் வீட்டுக்குப் போய், குடிக்கூலியாக வந்த காசை ஒரு துணியில் முடிந்துகொண்டு வந்து நீட்டினான். வழக்கத்தைவிட அதிகம்தான்.

சின்னப்பையன் முடிச்சைப் பார்த்தான், வாங்கவில்லை. "துட்டு எந்தக் கழனியில வெளஞ்சது ஆண்டே?" என்றான். அரிவாளை வரப்பில் கைப்பிடி மேலே தெரியும்படி செருகிவிட்டு நடந்தான். அங்கம்மா வெறுங்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னால் போனாள்.

வரப்பில் செருகிய அரிவாளுக்குக் கூலி நிற்கிறது என்று அர்த்தம். அது அங்கே நிற்கும்வரை சேரியிலிருந்து யாரும் அந்த ஆண்டையின் மண்ணில் கை வைக்க மாட்டார்கள். எதிராஜ் சிரித்தான். கோதண்டத்தின் பிள்ளைகள் அதன் கைப்பிடியில் காத்தாடி நூலைக் கட்டி விளையாடினார்கள்.

புரட்டாசியில் தசரதன் தன்னுடைய மேல் கழனியில் தானே உழுது சம்பா விதைத்தான். அங்கேயும் சுவர். அதற்குள் ஊரில் மற்றவர்களுக்கு ஆசை வந்திருந்தது. எதிராஜ் பூசை போட்டு, கற்பூரம் கொளுத்தி, சுவர் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டே விதைத்தான். வந்தது. அடுத்தடுத்து எல்லாருக்கும் வந்தது. மார்கழியில் ஏரிக்கரை மேல் நின்று பார்த்தால் வாய்க்கால் வரைக்கும் கூரைதான் தெரிந்தது. தை மாதம் களத்துமேட்டில் நெல் குவியலுக்குப் பதில் புல் முளைத்துக் கிடந்தது. அதை மேய எருமைகளுக்கு வழி இல்லை, சந்துகள் குறுகிவிட்டன. ஊர்க் கிணற்றில் விடியும் முன்பே சகதி வந்தது. சாவு மேளம் கேட்டால் எந்த வீடு என்று விசாரித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தால் செத்தது யார் என்று தெரியவில்லை, திரும்பி வந்தார்கள். பங்குனியில் வாந்திபேதி வந்து சந்துக்குச் சந்து ஆளை எடுத்தது. குண்டு பயம் தெளிந்து பட்டணத்தார்களில் பாதிப்பேர் திரும்பிப் போனார்கள். அவர்கள் பூட்டைக் கழற்றிய அன்றே ஆவடியில் பட்டாளத்துக் கேம்ப் கட்ட வந்த கூலிக்காரர்கள், சேலத்துக்காரர்கள், தெலுங்கர்கள், மலையாளிகள், அதே அறைகளில் பாயை விரித்தார்கள். போனவர்களைவிட வந்தவர்கள் எப்போதும் அதிகமாகவே இருந்தார்கள். கோதண்டம் போகவில்லை. ராயபுரத்தில் அவன் இருந்த வீட்டில் வேறு யாரோ குடியேறிவிட்டார்கள்.

காசு வந்தது. ஆனால் பர்மா அரிசி நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, சுற்று வட்டாரத்தில் விளைந்த நெல்லைப் பட்டாளத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள், கடையில் அரிசி கேட்டவர்களுக்குச் சோளம் போட்டார்கள். தசரதனின் மடியில் காசு இருந்தது. மடியில் காசு இருந்த எல்லாரும் அதே கடை வாசலில்தான் நின்றார்கள். நாற்பத்துமூன்று சித்திரையில் பூங்காவனத்துக்கு ஐந்தாம் மாதம். முன்பு இரண்டு முறை கரு தங்காமல் போனவள். இந்த முறை தங்கியிருந்தது, ஆனால் அரிசிக் கஞ்சியைத் தவிர எது உள்ளே போனாலும் வெளியே வந்துவிட்டது. சோளத்தைப் பார்த்தாலே குமட்டினாள். வீட்டு நெற்குதிரின் அடியில் மிஞ்சியிருந்தது விதைக்கென்று வைத்த ஒரு மூட்டை நெல்.

"குத்திப் பொங்கிடலாம்," என்றாள் பூங்காவனம்.

"பொங்கித் தின்னா ஆடிக்கு அப்புறம் இன்னா பண்றது?"

"ஆடிக்கு அப்புறம் செவுத்தைச் சொரண்டித் தின்னலாம். ஊரு பூரா அதுதான் வெளஞ்சி கீது."

தசரதன் மூட்டையைப் பிரித்துப் பாதியை அவளுக்கு வைத்தான். மீதிப் பாதி நெல்லாகவே முளைத்தால் ஆவணியில் அறுக்கலாம், அவள் பிள்ளை பெறும்போது வீட்டில் அரிசி இருக்கும். சுவராக முளைத்தால் இல்லை. இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவன் பிறந்ததிலிருந்து முதல் முறையாக வாய்க்காலைத் தாண்டிச் சேரிக்குள் நடந்தான். போன மழையில் சின்னப்பையனின் குடிசை மண்சுவரோடு கரைந்துபோய், கரை ஓரத்தில் நான்கு கழியின் மேல் ஓலை கிடந்தது. அங்கம்மா ஏரிக் கெண்டையைச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா ஆண்டே, வழி தவறிட்டீங்களா?"

"சின்னப்பையன் இல்லியா?"

"கேம்புல மண்ணு சொமக்கப் போயிருக்காரு. அங்க துட்டுதான் வெளையுது, துட்டுதான் குடுக்கறாங்க. தகராறு இல்ல."

"வெதைக்கணும்," என்றான் தசரதன்.

"வெதைங்க. கையி கீது, நெல்லு கீது."

"நான் வெதைச்சா செவுரு வருது."

"மொத தபா அவருதான பாய்ச்சினாரு. அப்ப மட்டும் இன்னா வந்துது?"

அது உண்மை. கடைசியில் தசரதன், அந்த அரிவாள் அங்கே நிற்கும்வரை தன்னால் வரப்பில் காலை வைக்க முடியவில்லை என்று மட்டும் சொன்னான். அங்கம்மா மீனைத் திருப்பிப்போட்டு மறுபக்கத்தை உரசினாள். "நெல்லு வரும்னு நான் சொல்ல மாட்டேன். செவுரு வரும்னும் சொல்ல மாட்டேன். மேட்டாண்ட ஊட்டைக் குடுத்தீங்கன்னா அவரு வந்து அருவாளை எடுப்பாரு. அம்மாந்தான்."

கொடுத்தான். மேட்டு வீட்டில் இருந்த கூலிக்காரர்களை வேறு வீட்டுக்கு மாற்றினான். அங்கம்மா இரண்டு பானை, ஒரு முறம், மூன்று பிள்ளைகள், ஒரு ஆட்டோடு பட்டப்பகலில் வாய்க்காலைத் தாண்டி வந்தாள். மேட்டு வீடும் கோதண்டத்தின் வீடும் ஒரே சுவர். கோதண்டம் தசரதனைத் தனியாகக் கூப்பிட்டு, தான் ஒன்றும் பழைய காலத்து ஆள் இல்லை, மாமியார்தான் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்றான். அன்றே மூட்டை கட்டிக்கொண்டு ரயிலடி வரைக்கும் போய் வேறு வீடு தேடினான். கிடைக்கவில்லை. பொழுது சாயும்போது திரும்பி வந்து மூட்டையைப் பிரித்து, மாமியாரின் பாயை மட்டும் அடுத்த சுவரோரம் மாற்றிப் போட்டான். எதிராஜ் ஊரைக் கூட்டினான். தசரதன் வீட்டுக்கு நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது, வண்ணான் இல்லை, அம்பட்டன் இல்லை என்று முடிவானது. முப்பது வீட்டு ஊரில் அது ஒரு மனிதனைக் கொல்லப் போதுமான தண்டனை. தசரதன் ஒரு வாரம் தாடியோடு திரிந்தான். பிறகு ரயிலடியில் கண்ணாடி மாட்டி உட்கார்ந்திருந்த சிந்தாதிரிப்பேட்டைக்காரன் ஒருவனிடம் சவரம் செய்துகொண்டான். அவனுக்கு எதிராஜ் யார் என்று தெரியாது. துணி வெளுக்க ஒரு தெலுங்குக்காரி கிடைத்தாள், அவளுக்கும் தெரியாது. கிணற்றடியில் வரிசையில் நின்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஊர் எது சேரி எது என்றே தெரியாது. யாரும் திருந்தவில்லை. ஆள் அதிகமாகிவிட்டது.

சின்னப்பையன் அரிவாளைப் பிடுங்கித் துருவைத் தேய்த்தான். அரை மூட்டை நெல்லை வாங்கி, தசரதனிடம் மீந்திருந்த நிலத்தில் ஒரு துண்டில் நிதானமாக விதைத்தான். இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து பார்த்தார்கள். மண்ணில் சிவப்பாகக் கோடு கிளம்பியது. மூலைக்கு மூலை மடங்கியது. தசரதன் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது பூங்காவனம் அழவில்லை. சரி என்றாள். அன்றிலிருந்து கஞ்சியில் தண்ணீரைக் கூட்டினாள்.

வைகாசி முடியும்போது அங்கம்மாவின் வீட்டுத் தரையில் பச்சை தெரிந்தது. சாணி மெழுகிய தரையைக் கீறிக்கொண்டு நெல் வந்தது. அங்கே யாரும் விதைக்கவில்லை, வெயில் வாசல் வரைக்கும்தான் வந்தது. பாய்க்கு அடியில் முளைத்தது பாயைத் தூக்கியது. அவள் கூட்டினாள், மேலே மண்ணைப் போட்டு மிதித்து மெழுகினாள். மெழுகிய ஈரத்தில் அது இன்னும் உயர்ந்தது. சேதி கேட்டுத் தசரதன் ஓடிவந்தபோது அவள் புடவையைச் செருகிக்கொண்டு பிடுங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு கட்டு அளவுக்குப் பயிர் கிடந்தது. தசரதன் அதை இரண்டு கையாலும் அள்ளினான். நெல்தான். ஒரு வருஷமாக அவன் பார்க்காத இலை.

"புடுங்காத அங்கம்மா."

"ஏன்? எனக்கு ஊடுதான குடுத்தீங்க? பாத்துக்கோங்க, இங்கயும் நெல்லு. எங்க அப்பன் சேத்துல நின்னான், ஆத்தா சேத்துல நின்னா. ஊட்டுக்குள்ள வந்தா சேறும் கூடவே வந்துகீது."

"அறுப்பு வரைக்கும் வுட்டுடு. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"அதுவரைக்கும் எம் புள்ளைங்க எங்க படுக்கறது? கதிரு மேலயா?"

"வெளைஞ்சதும் பாதிப் பாதி..."

அங்கம்மா நிமிர்ந்தாள். கையில் பிடுங்கிய பயிர் சொட்டிக்கொண்டிருந்தது. "பாதியா? இது யாரு கழனி?"

தசரதன் அள்ளிய பயிரை வாசலிலேயே வைத்தான். அது அவளுடைய பங்காகக் கொடுத்தது. நான்கு சுவருக்கு உள்ளே இருந்தது எல்லாம் அவளுடையது. அவள் மறுபடி குனிந்து அடுத்த குத்தைப் பிடித்தாள். அப்போது பூங்காவனம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தாள். நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"எங்க ஊட்ல தெருப்பக்கம் ரெண்டு அறை கீது," என்றாள். "நீ வந்து இரு. இதை வுட்டுடு."

"உங்க தெருவுலயா? ஊரு நடுவுல?"

"அந்தத் தெருவுல இப்ப யாரு கீறாங்கன்னு எனக்கே தெரில."

அங்கம்மா யோசித்தாள். "அறுப்பு முடிஞ்சதும் தொரத்திடுவீங்க."

"தொரத்துனா, அடுத்த பட்டத்துக்கு நெல்லு யாரு கழனியில வரும்?"

தசரதனை இரண்டு பேரும் பார்க்கவே இல்லை. அங்கம்மா கையில் இருந்ததை உதறினாள், பிறகு மனம் மாறி, வேர் கெடாததாகப் பொறுக்கித் திரும்ப நட்டாள். மறுநாள் அவள் குடும்பம் தசரதன் வீட்டின் தெருப்பக்கத்து அறைகளுக்கு வந்தது. ஆட்டைத் தூணில் கட்டினார்கள். தசரதன் அன்று சாப்பிடவில்லை; கொட்டகையில் போய் உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவனுக்குத் தெரியும். அதை அவன் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு எழுந்து போய் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டான்.

பூங்காவனத்தின் பாதி மூட்டை ஆடி நடுவில் தீர்ந்தது. வீட்டுக்குள் நெல் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. அங்கம்மா ஓரத்துக் கதிர்களைப் பச்சையாக உருவி, நசுக்கி, கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். சும்மா கொடுக்கவில்லை. பூங்காவனத்தின் சீர் அண்டாவை வாங்கிக்கொண்டாள். அந்த அண்டா நல்ல பித்தளை, இரண்டு ஆள் தூக்க வேண்டும். பூங்காவனம் அதைத் தானே உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

ஆவணியில் மேட்டு வீட்டுக்குள் கதிர் மஞ்சளாகித் தலை சாய்ந்தது. கதவைத் திறந்தால் சந்து முழுக்கப் புது வைக்கோல் வாசனை வந்தது. கேம்புக்குப் போகிறவர்கள் நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போனார்கள். சேரியில் எல்லாரும் கேம்பு வேலைக்குப் போய்விட்டதால் அறுக்க ஆள் இல்லை. சின்னப்பையனோடு தசரதன் இறங்கினான். அதுவரை வரப்பில் நின்று அறுக்கச் சொல்லியிருக்கிறானே தவிர, குனிந்து அறுத்ததில்லை. முதல் அறைக்குள்ளேயே இடது கை விரலை அறுத்துக்கொண்டான். சின்னப்பையன் ஒரு துணியைக் கிழித்துக் கட்டிவிட்டு, "தாளை இப்படிப் புடி, அரிவாளு உன்னாண்ட வரக்கூடாது," என்றான். ஆண்டே என்று சொல்ல மறந்துவிட்டான். இரண்டு பேருமே அதைக் கவனித்தார்கள். கூரைக்கு அடியில் விளைந்த நெல் வெளுத்துப்போய், கொஞ்சம் சுண்ணாம்பு வாசனையோடு இருந்தது. அங்கம்மா மரக்காலால் அளந்தாள். இருபதாவது மரக்காலைத் தசரதனுக்குத் தள்ளினாள், அதற்குப் பிறகுதான் தன் குவியலைத் தொட்டாள். அவன் அதைத் துண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, கோதண்டத்தின் வாசலையும் எதிராஜின் வாசலையும் தாண்டி நடந்தான். மாலையில் எதிராஜ் ஒரு படி அரிசி கிடைக்குமா என்று கேட்டு ஆள் அனுப்பினான்.

புரட்டாசியில் பூங்காவனத்துக்குப் பெண் பிறந்தது. எடை குறைந்த குழந்தை, குரல் மட்டும் பெரிதாக இருந்தது. வடிவு என்று பேர் வைத்தார்கள். பிழைத்தது. அந்த மாதம் அதே சந்தில் பிறந்த மற்ற இரண்டு பிழைக்கவில்லை.

அடுத்த வருஷங்கள் அப்படியே போயின. திறந்த நிலத்தில் எதை விதைத்தாலும் சுவர் வந்தது. சில வீடுகளில், யாரும் கேட்காமல், தரையில் நெல் வந்தது. அங்கே இருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஒதுங்கினார்கள். எந்த வீட்டில் வரும் என்பதற்கு விதி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. எதிராஜ் தன் வீடுகள் எல்லாவற்றிலும் தரைக்குத் தண்ணீர் விட்டுப் பார்த்தான், சேறுதான் ஆனது. பட்டாளத்துக்கு நிலம் அளக்க வந்த அதிகாரி இது நஞ்சையா, குடியிருப்பா என்று கேட்டார். ஆமாம் என்றார்கள். அவர் எழுதிக்கொண்டு போனார். தசரதன் ஒவ்வொரு பட்டத்துக்கும் வெளியே விதைத்தான், உள்ளே அறுத்தான். அங்கம்மாவின் குடும்பம் தெருப்பக்கத்து அறைகளிலேயே இருந்தது. அவனுக்கு அது பிடித்ததில்லை, கடைசிவரை பிடிக்கவில்லை. ஆனாலும் அவள் மூத்த மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் அவன் வாசலில்தான் நட்டார்கள், குழி தோண்டியது அவன்.

நாற்பத்தாறாம் வருஷம் ஆனி மாதம் ஒரு பகலில் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து பஞ்சம் பிழைக்க வந்த குடும்பம் ஒன்று, புருஷன், பெண்டாட்டி, கிழவி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகள், ரயிலடியிலிருந்து நேராக நடந்து வந்து மேட்டு வீட்டின் கதவைத் தட்டியது. அங்கம்மா திறந்தாள். உள்ளே முழங்கால் உயரத்துக்குப் பயிர் நின்றது. தசரதன் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தான்.

"தங்க எடம் கெடைக்குமா தாயீ?"

"இது ஊடு இல்ல, கழனி. கண்ணு தெரில?" என்றாள் அங்கம்மா. "படுக்க எடம் வோணும்னா ரெண்டு வாரம் புளியமரத்தாண்ட இருங்க. வாய்க்காலாண்ட செவுரு மொழங்காலு ஒசரம் வந்துகீது. வேலைன்னா கீது. களை எடுக்கத் தெரியுமா?"

தெரியும் என்றான் வந்தவன். பயிரைப் பார்த்தான், மேலே கூரையைப் பார்த்தான். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டான். அறையின் நடுவில் ஓடிய வரப்பில் கால் வைத்து உள்ளே வந்தான். தசரதன் நிமிராமலே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.